ஊர் முழுக்க ரோஸ் விரிப்பு

புகார் சொல்வதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. ரயிலில் மின்விசிறி சுற்றவில்லை என்றால் சொல்வேன். கடையில் டீ ஆறியிருந்தால் சொல்வேன். வாசலில் பத்திரிகை மடங்கி விழுந்தால் அதையும் சொல்வேன். "நீங்க சொர்க்கத்துக்கே போனாலும், புகார்ப் பெட்டி எங்க வெச்சிருக்கீங்கன்னுதான் முதல்ல கேப்பீங்க" என்பாள் என் மனைவி. அதனால் அந்த ஏரி ஊருக்குப் போய் விடுதி அறையின் கதவைத் திறந்து, கட்டிலில் விரித்திருந்த விரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பயண அலுப்பு பறந்துவிட்டது. விரிப்பு ரோஸ் நிறத்தில் இருந்தது.

அதுவும் என்ன ரோஸ்! குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்தின் நிறம். தலையணை உறை ரோஸ். குளியலறைத் துண்டு ரோஸ். போன தடவை இதே விடுதியில் தங்கியபோது விரிப்பு கண் கூசும் வெள்ளையாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அறைக்கு 'ஏரிக் காட்சி' என்று வேறு பெயர். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். எதிர் விடுதியின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்புவரை வெளியே சாய்ந்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஏரி ஒரு கீற்றாகத் தெரிந்தது.

"விழுந்து கிழுந்து வைக்காதீங்க" என்றாள் மனைவி. அதற்குள் அவள் ரோஸ் விரிப்பின் மேல் காலை நீட்டிப் படுத்துவிட்டிருந்தாள்.

நான் கீழே இறங்கிப் போனேன். முன்னறையில் விடுதி முதலாளியே உட்கார்ந்திருந்தார். அவர்தான் அந்த ஊர் விடுதிக்காரர்கள் சங்கத்துக்கும் தலைவர். எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார்.

"பெட்ஷீட்தானே சார்? தெரியும் சார். என் விடுதி மட்டுமில்ல, ஊர்ல இருக்கற அத்தனை விடுதியிலயும் இதே கூத்துதான். லாண்டரி நடத்தற அக்கா பண்ண வேலை. எவ்வளவு வெள்ளையா வெளுப்பாங்க தெரியுமா? ஊரே 'வெள்ளை அக்கா'ன்னு கூப்பிடும். சீசன் ஆரம்பிக்கற நேரம் பாத்து எல்லாத்தையும் இப்படிப் பண்ணி அனுப்பிட்டாங்க. கேட்டா, 'சாயம் ஏறிடுச்சு'ன்னு ஒரே வார்த்தை!"

"அப்ப திரும்ப வெளுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"நாளைக்குக் காலையில அதுக்குத்தான் போறேன். பிளீச்சு நானே வாங்கி வெச்சிருக்கேன், கேன் கேனா. நாளன்னிக்கு பெரிய பஸ்ஸெல்லாம் வருது." கொஞ்சம் யோசித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்களும் வாங்களேன். நான் சொன்னா அவங்க காதுல ஏறாது. தங்கறவங்களே நேர்ல வந்து கேட்டா உறைக்கும்."

புகார் சொல்ல என்னைக் கூப்பிட்டு ஒருவர் அழைத்துப் போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மறுப்பேனா?

அன்று மாலை ஏரிக்கரைக்கு நடந்தோம். நடந்தோம் என்பது பேச்சுக்குத்தான். கார்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நழுவிப் போனோம். ஒரு காரும் நகரவில்லை, ஆனால் எல்லாக் காரும் ஹாரன் அடித்தது. சரிவெல்லாம் காலித் தண்ணீர் பாட்டில்கள். 'குப்பை போடாதீர்கள்' என்ற பலகையின் அடியில்தான் பெரிய குவியல். ஏரி மட்டும் எங்களையெல்லாம் சட்டை செய்யாமல் நீலமாகக் கிடந்தது. மலையிலிருந்து ஓர் ஓடை வந்து ஏரியில் சேரும் மூலையில் மட்டும் வெள்ளையாக ஏதோ மிதந்தது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும் போலிருந்த ஒரு ஜோடி என்னிடம் போனை நீட்டினார்கள்.

"அங்கிள், அந்தப் பனி தெரியற மாதிரி ஒரு போட்டோ!"

பனியாவது ஒன்றாவது! அது சோப்பு நுரை. காய்ந்து ஓரம் பழுத்த பழைய நுரை. சொல்ல வாயெடுத்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள். எடுத்துக் கொடுத்தேன்.

ஓடை சேரும் இடத்தில் ஒரு சின்ன டீக்கடை இருந்தது. கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். கடைக்குப் பின்னால் கம்பி வலை போட்ட ஒரு கொட்டகை காலியாகத் திறந்து கிடந்தது. அது என்ன என்று சும்மாதான் கேட்டேன்.

"வாத்துக் கொட்டகை சார். ஒரு கூட்டமே வெச்சிருந்தேன். டீ குடிக்க வர்றவங்க அதுங்களைப் பாக்கறதுக்காகவே ரெண்டாவது டீ வாங்குவாங்க." கரண்டியால் மலைச்சரிவைக் காட்டினார். அங்கே ஒரு தகரக் கூரை தெரிந்தது. "அதோ, அங்க என் அண்ணன் பொண்டாட்டி உக்காந்து ஊரு பெட்ஷீட்டையெல்லாம் வெளுக்கறா. பிளீச்சு, பவுடரு எல்லாம் இந்த ஓடையிலதான் வரும். ஒரு சீசன் முழுக்கக் குடிச்சுதுங்க. ஒண்ணொண்ணாப் போயிடுச்சு."

"அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அப்புறம் சொல்றதையே விட்டுட்டேன். இப்ப அவளோட பேச்சு வார்த்தையே கிடையாது." டம்ளரைக் கழுவியபடி ஓடையை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா கொஞ்ச நாளா நுரையே வரல சார். சீசன் நேரத்துல இப்படி இருக்காது. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ." பிறகு, யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள் என்பதுபோல, "எனக்கென்ன வந்தது!" என்று டம்ளரை டக்கென்று கவிழ்த்தார்.

மறுநாள் காலை நானும் மனைவியும் முன்னால் நடந்து போய்விட்டோம். தலைவர் பிளீச் கேன்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. தகரக் கூரைக்கு அடியில் இரண்டு பெரிய உருளை இயந்திரங்கள் தடதடவென்று ஓடின. ஒரு பக்கம் சிமெண்டுத் தொட்டி, ஒரு பக்கம் அடுப்பில் ஆள் உயர அண்டா. சில பெண்கள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஈரத் துணியைக் கொடியில் வீசிப் போட்டார்கள். சரிவு முழுக்க ரோஸ் விரிப்புகள் காற்றில் உப்பிக்கொண்டு நின்றன. வெளியே வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும், "புகாரா? உள்ள போங்க. கை கழுவிட்டுப் போங்க" என்றார். அவர்தான் அக்காவின் கணவர்.

கை கழுவுவது எதற்கென்று உள்ளே போனதும் தெரிந்தது. முழங்கை வரை நனைந்து நின்ற வெள்ளை அக்கா, இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி, "வாங்க சார், வாங்கக்கா" என்றார். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான் ஒரு புகார் சொல்ல வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தேன்.

"தாராளமா சொல்லுங்க. அதுக்கு முன்னால இந்த முனையைப் பிடிங்க." காய்ந்த விரிப்பின் இரண்டு முனைகளை என் கையில் திணித்துவிட்டார். "இங்க பேச வர்றவங்க யாரா இருந்தாலும் ஒரு பக்கம் பிடிக்கணும். பெட்ஷீட் மடிக்க ரெண்டு ஆள் வேணும். சும்மா நின்னு பேச இங்க யாருக்கும் நேரமில்ல."

விரிப்பு மடிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதலில் தூர நின்று விறைப்பாக இழுக்க வேண்டும். பிறகு நடந்து எதிராளியின் அருகில் போய் முனையோடு முனை சேர்க்க வேண்டும். நான் தூர நின்றபோது "இது என்ன நிறம்மா?" என்று கத்தினேன். அடுத்த நொடி அவர் முகத்துக்கு நேரே, விரலோடு விரல் படுகிற தூரத்தில் நின்றேன். அவ்வளவு பக்கத்தில் நின்று யாரிடமும் கத்த முடியாது. மறுபடி விலகிப்போய்க் கோபத்தைத் திரட்டிக்கொண்டு வந்தால், மறுபடி முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டியிருந்தது. இரண்டு விரிப்பு மடிப்பதற்குள் என் புகார் கரைந்து, 'எப்படிம்மா இப்படி ஆச்சு?' என்ற விசாரிப்பாக மாறிவிட்டது. மனைவி ஒரு மூலையில் இன்னொரு பெண்ணோடு மடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் கதையை அப்படித்தான் சொன்னார், கிட்டே வரும்போது கொஞ்சம், தூரப் போகும்போது கொஞ்சம்.

இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு பெரிய விடுதியில் படுக்கை விரிக்கும் வேலை. ஒருநாள் ஒரு விரிப்பில் டீக்கறை போகவில்லை. மேனேஜர் அந்த விரிப்பை எல்லோருக்கும் எதிரில் அவர் தோளில் போட்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றாராம். வேலை போய்விட்டது. "அழுதேனான்னா, அழுதேன். வீடு வர்ற வரைக்கும் அழுதேன். வந்து அந்த பெட்ஷீட்டை வெளுத்தேன் பாருங்க, பால் மாதிரி! அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த ஊருக்கே வெள்ளைன்னா என்னன்னு காட்டறேன்னு."

அதே விடுதி பழசு என்று தூக்கிப் போட்ட இரண்டு இயந்திரங்களைப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கழற்றித் துடைத்து மாட்டி ஓட வைத்தார்கள். விடுதிகளில் வேலை போன பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சின்ன விடுதிக்காரர்களுக்கு மாற்று விரிப்பு போதுமான அளவு கிடையாது. அதற்கு அக்கா ஒரு வழி செய்தார். எல்லா விடுதிக்கும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. யாருடையது எது என்ற பேச்சே இல்லை. அழுக்கு எத்தனை வருகிறதோ, பொதுக் குவியலிலிருந்து அத்தனை வெளுத்தது போகும். ஊரே அந்த ஒரு குவியலில்தான் படுத்துத் தூங்கியது. தோளில் விரிப்பைப் போட்ட அந்த மேனேஜரின் விடுதியும் கடைசியில் இவரிடம்தான் வந்தது.

"ஒவ்வொரு சீசனுக்கும் இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளைன்னாங்க. தினம் மாத்தணும்னாங்க. வெள்ளையில ஒரு பொட்டு இருந்தாலும் தெரியுமே! பவுடர் ஏத்தினேன், பிளீச்சு ஏத்தினேன். மலை மேலருந்து பாத்தா என் கொடி கண்ணைப் பறிக்கும் சார். அதுல எனக்குத் தலை கால் புரியல." குரல் தாழ்ந்தது. "அப்புறம் கீழ நாத்தனாரோட வாத்து சாக ஆரம்பிச்சுது."

அவர் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். கழிவுத் தண்ணீர் ஓடையில் சேரும் இடத்தில் ஒரு நீளமான குழி. அடியில் மணலும் சரளையும் போட்டு மேலே கோரை நட்டிருந்தார்கள். தண்ணீர் அதில் தங்கி வடிந்து போக வேண்டும் என்று அக்காவே வெட்ட வைத்தது. நட்ட கோரை ஒவ்வொரு சீசனிலும் பிளீச்சில் வெந்து மஞ்சளாகிச் சாய்ந்துவிடுமாம். விடுதி விடுதியாகப் போய், தினம் மாற்ற வேண்டாம், கொஞ்சம் பழுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தாராம். வருகிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது குழியில் பச்சையாக, விரல் உயரத்துக்குப் புதுத் துளிர்கள் நின்றன.

வாசலில் ஜீப் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். பின்னாலேயே நீல நிறக் கேன்கள் இறங்கின. பெண்கள் கொடியை விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

அக்கா ஒரு விரிப்பின் முனையை அவரிடம் நீட்டினார். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் மடிக்க வரல. பிளீச்சு கொண்டாந்திருக்கேன். இன்னிக்கே எல்லாத்தையும் போட்டு வெளுத்துக் குடுங்க. நாளைக்கு பஸ் வருது."

"எவ்வளவு பிளீச்சு ஊத்தினா இது போகும்னு தெரியுமா தலைவரே? இந்தக் கேன் அத்தனையும் போதாது. ஒரு தடவை ஊத்தினா என் கோரை செத்துடும். ரெண்டாவது தடவைக்கு ஓடையே செத்துடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? தப்பு உங்களுது!"

அக்கா முனையைக் கீழே விடவில்லை. "சரி, என்ன நடந்ததுன்னு இன்னிக்கு எல்லாருக்கும் சொல்லிடறேன்" என்றார்.

மழைக்காலம் முழுக்க விடுதிகளின் ஈர அறைகளில் கிடந்த விரிப்புகள் பூஞ்சை வாடையோடு வரும். சீசனுக்கு முன்னால் அத்தனையையும் சேர்த்துத் தொட்டியில் வெந்நீரில் ஊற வைப்பது வழக்கம். மூட்டை கட்டவும் விரிப்பையேதான் பயன்படுத்துவார்கள். அதனால் எந்த மூட்டையையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் தொட்டியில் போட வேண்டும் என்பது அக்காவே போட்ட சட்டம். அன்றைக்குப் பார்த்து வேலை தலைக்கு மேல். ஒரு மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தள்ளிவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டி முழுக்கச் சிவப்பு. மூட்டைக்குள் இருந்தது, படகுத்துறையில் பயணிகளை வரவேற்க விரிக்கும் நீளமான சிவப்புத் துணி.

"எல்லாரும் அழுதாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவர் போய் இருந்த பிளீச்சையெல்லாம் எடுத்துட்டு வந்தார்." கணவரைக் காட்டினார். "கேனைத் திறந்துட்டேன். ஊத்தறதுக்கு முன்னால பின்பக்கம் போய்ப் பாத்தேன். சீசன் இல்லாத நேரம் இல்லையா, கோரை துளிர் விட்டிருந்துச்சு. மூடியைப் போட்டுட்டேன்."

"அதான் மொத்தமும் ரோஸாயிடுச்சே, இப்ப என்ன பண்ணலாம்னு..." என்று குறுக்கிட்டார் தலைவர்.

"மொத்தமும் ஆகல தலைவரே. தொட்டியில பாதிதான் இருந்துச்சு. மீதிப் பாதி வெள்ளையா, இதோ, இந்தத் தரையிலதான் கிடந்துச்சு." அக்கா நிமிர்ந்து நின்றார். "பாதிதான் தப்பு. மீதியை நானாத்தான் போட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம், அண்டாவுல உப்பைக் கொட்டி, உங்க சிவப்புத் துணியையும் போட்டு, கொதிக்கக் கொதிக்க நான்தான் சாயம் ஏத்தினேன். சாயத் தண்ணியைக்கூட வெளிய விடல. அதுலயே அடுத்தது, அதுக்கு அடுத்ததுன்னு, தண்ணி தெளியற வரைக்கும் போட்டேன். ஊர்ல இப்ப ஒரு வெள்ளை பெட்ஷீட் கிடையாது."

வேலை செய்யும் பெண்களுக்கே அது புதுச் செய்தி போலிருந்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியும்! புகார் சொல்ல வந்தவன் கைதட்டாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தலைவர் வெடித்தார். "வேணும்னே பண்ணினியா? நாளையிலருந்து ஒரு பெட்ஷீட்கூட இங்க வராது. கீழ் ஊர்ல பெரிய லாண்டரி இருக்கு. லாரியில அனுப்பிடுவோம். இந்தக் கொட்டகையை மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

"அனுப்புங்க. போய்ட்டு எப்ப வரும்? நாளைக்கு பஸ்ல வர்றவங்களுக்குக் கட்டில்ல எதை விரிப்பீங்க?"

தலைவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பார்வை என் மேல் விழுந்தது. "சார்! நீங்களே சொல்லுங்க சார். இவர் என் விடுதியில தங்கறவர். இந்த நிறம் பிடிக்காம நேத்தே வந்து கேட்டவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"கேட்டது உண்மைதான். ஆனா அதே பெட்ஷீட்ல படுத்து, விடியற வரைக்கும் விட்டாரே குறட்டை! நான்தான் தூங்கல."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்த வயதில் எனக்கு மானம் போனாலும் பரவாயில்லை என்று நான் பேசினேன். "தலைவரே, புகார் இருக்கு. ஆனா அது இவங்க மேல இல்ல, உங்க மேல. ஏரிக் காட்சின்னு ரூம் குடுத்தீங்க. இறங்கிப் போய்ப் பாத்தா நுரைக் காட்சி. அதைப் பனின்னு நெனச்சு போட்டோ எடுக்கறாங்க. நான் இங்க ஏரியைப் பாக்கத்தான் வந்தேன். பெட்ஷீட்டைப் பாக்கவா இவ்வளவு தூரம் வருவேன்?"

"நீங்க சும்மா இருங்க சார்!" என்றார் தலைவர். சாட்சி கட்சி மாறியது அவருக்குப் பெரிய அடி.

அக்கா சிரிக்கவில்லை. "தலைவரே, ஒரு சீசன். ஒரே ஒரு சீசன் இதையே விரிங்க. தினம் மாத்த வேண்டாம். ஆள் மாறும்போதோ, கேட்கும்போதோ மாத்துங்க. இந்த நிறத்துக்காக ஒரே ஒரு குடும்பம் ரூம் வேண்டாம்னு திரும்பிப் போனாலும், கொட்டகையை நானே பூட்டிச் சாவியை உங்க கையில குடுக்கறேன்."

பெண்களின் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் பிழைப்பும் அந்தச் சாவியில்தான் இருந்தது. ஒருத்தியும் வேண்டாமக்கா என்று சொல்லவில்லை.

தலைவர் கேன்களைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். கடைசியில் ஈனக் குரலில், "சங்கத்துல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

"யாரோட சிவப்புத் துணின்னு சொல்லணுமா, வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. படகுத்துறைத் துணியை, சலவைக்கென்று தனியாகச் சொல்லாமல், விரிப்பு மூட்டைக்குள் சுற்றி ஓசியில் தள்ளிவிட்டவர் தலைவரேதான்! அவர் காது நுனி, அவர் துணியைப் போலவே சிவந்தது. அக்கா மறுபடி முனையை நீட்டினார். இந்தத் தடவை அவர் கை கழுவிக்கொண்டு வந்து பிடித்தார். கோணல்மாணலாக மடித்தார். யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் பஸ்கள் வந்தபோது முன்னறையில் பத்திரிகை படிப்பதுபோல உட்கார்ந்து வேவு பார்த்தேன். தலைவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு மாடி ஏறிப்போன ஒரு பெரியவர் உடனே இறங்கி வந்ததும் எங்கள் இருவருக்கும் திக்கென்றது. "தம்பி, புதுசாக் கல்யாணம் ஆனவங்க ரூமைத் தப்பா எங்களுக்குக் குடுத்துட்டீங்க போலிருக்கே?" என்றார் அவர். இல்லை, எல்லா அறையும் அப்படித்தான் என்று தலைவர் விளக்கினார். "அப்படியா? அவ கேட்டா ஒண்ணும் சொல்லிடாதீங்க. நான் ஸ்பெஷலா கேட்டு வாங்கினதா சொல்லிக்கறேன்" என்று பெரியவர் உற்சாகமாக மாடி ஏறினார். அன்று வேறு யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அடுத்த சீசனில் எங்களால் அந்த ஊருக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. கார்கள் அப்படியேதான் நின்றன. பாட்டில்கள் சரிவில் அப்படியேதான் கிடந்தன. அதற்கெல்லாம் இன்னும் எத்தனை அக்காக்கள் வேண்டுமோ! அறையில் ரோஸ் விரிப்பின் மேல் ஓர் அச்சடித்த அட்டை: 'எங்கள் ஏரியின் நலனுக்காக எங்கள் விரிப்பு ரோஸ் நிறத்தில். அன்புடன், விடுதிக்காரர்கள் சங்கம்.' அடியில் தலைவரின் கையெழுத்து, கொட்டை கொட்டையாக. போன சீசனில் ஒரு குடும்பம்கூடத் திரும்பிப் போகவில்லையாம். அதை அவர் சொன்ன தோரணையில், சாயம் ஏற்றியதே அவர்தான் என்று கேட்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஏரி மூலையில் நுரை இல்லை. தண்ணீருக்குள் கல் தெரிந்தது. ஓடையின் வாயில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. மறுபடியும் நுரையா? அது க்வாக் என்றது. வாத்து! பின்னாலேயே இன்னும் ஒரு வரிசை, வாலை ஆட்டிக்கொண்டு. நான் அந்த இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். மனைவி போனை எடுத்து, "பனி தெரியற மாதிரி நில்லுங்க அங்கிள்" என்றாள்.

டீக்கடையில் ஆள் இல்லை. நேரே மேலே ஏறினோம். ஊர் இப்போது அவரை 'ரோஸ் அக்கா' என்கிறது. பின்பக்கக் குழியில் கோரை ஆள் உயரத்துக்கு நின்று காற்றில் சலசலத்தது. அக்கா என்னைக் கண்டதும், "வாங்க சார், கை கழுவினீங்களா?" என்று முனையை நீட்ட வந்தவர், என் தோளுக்குப் பின்னால் பார்த்து அப்படியே நின்றார்.

வாசலில் டீக்கடைக்காரம்மா நின்றிருந்தார், அக்காவின் நாத்தனார். கையில் சுருட்டிப் பிடித்த ஒரு ரோஸ் விரிப்பு.

"காத்துல பறந்து வந்து வாத்துக் கொட்டகை மேல விழுந்து கிடந்துச்சு" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, திரும்பிப் போகவும் இல்லை. வெளியே வேனருகில் அவருடைய அண்ணன் துடைக்கிற துணியோடு சிலையாக நின்றார்.

அக்கா கிட்டே போய் அந்த விரிப்பை வாங்கினார், உதறினார், இரண்டு முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டை நீட்டினார். அந்த அம்மா முனைகளையே பார்த்தார். கையைப் புடவையில் துடைத்தார். பிடித்தார்.

இருவரும் விலகிப்போய் விறைப்பாக இழுத்தார்கள். கிட்டே வந்து விரலோடு விரல் சேர்த்தார்கள். மறுபடி விலகி, மறுபடி வந்தார்கள். கடைசி மடிப்பில் முகத்துக்கு முகம் நின்றபோது அந்த அம்மா குனிந்து விரிப்பைப் பார்த்தார்.

"முனை சரியா சேரல அண்ணி. உங்க பக்கம் கோணல்" என்றார்.

அண்ணி என்ற வார்த்தை அந்தக் கொட்டகையில் கேட்டு எத்தனை காலமாயிற்றோ! அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "ஆமா, என் பக்கம்தான் கோணல்" என்றார். இருவரும் விரிப்பைப் பிரித்து முதலிலிருந்து மடித்தார்கள். வாழ்நாள் முழுக்கப் புகார் சொல்லியும் கேட்டும் பழகியவன் நான். அவ்வளவு நல்ல புகாரை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.